கணினி அறியாத வள்ளம்

மரியசெல்வத்தின் வள்ளம் இல்லை என்று அரசாங்கக் கணினி சொன்ன நேரத்தில், அந்த வள்ளம் படகு ஆவண மையத்தின் சன்னலுக்கு நேர் எதிரே, மண்டபம் வடகடல் மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் விளிம்பில் ஒரு காகம் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

"அந்தா கிடக்குதுங்கய்யா" என்று மரியசெல்வம் சன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

மையத்தின் அலுவலர் பூமிநாதன் சன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அலுவலகத்தில் கணினி வந்த நாளிலிருந்து அவர் சன்னலை நம்புவதை விட்டுவிட்டார்.

இந்த மையம் பிறந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, இராமேஸ்வரம் தீவிலும் கரையிலும் உள்ள நாட்டுப்படகுக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அவரவர் படகுப் பதிவுத் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் கணினிக்குள் போட்டார்கள். பிறகு கரையான் வந்துவிடும் என்று பயந்து, தாள்களையெல்லாம் கொல்லைப்புறத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். அதற்கும் ஒரு விழா எடுத்தார்கள். 'காகிதமில்லா அலுவலகம்' என்று பலகை மாட்டினார்கள். அன்றைக்குப் பூமிநாதன் பேசிய பேச்சை மரியசெல்வமும் வெயிலில் நின்று கேட்டார். இனி எந்தத் தாளையும் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். அது அப்படியே பலித்தது. தேடுவதற்கு ஒரு தாளும் மிச்சமில்லை.

மறு வருடம் கடலுக்குப் போகும் டோக்கனுக்குக் கணினிச் சான்று வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதை வாங்கத்தான் மரியசெல்வம் வந்திருந்தார். தட்டச்சு செய்யும் உமையாள், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக 'லொகேட்' என்று அடித்து, பக்கத்தில் படகின் எண்ணையும் அடித்து, பொத்தானை அமுக்கினாள். கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் கட்டளை அது. திரை ஒரு வரி ஆங்கிலத்தைத் துப்பிவிட்டு நின்றது.

"'நோ சச் ஃபைல்'னு வருது சார்" என்றாள் உமையாள். "அப்படி ஒரு கோப்பே இல்லையாம்."

"இல்லைன்னா இல்லைதான்" என்றார் பூமிநாதன். பிறகு மரியசெல்வத்தின் முகத்தைப் பார்த்து மனமிரங்கி விளக்கினார். நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், மனிதர் கெட்டவர் இல்லை. "இங்க பாருங்க மரியசெல்வம். சன்னலுக்கு வெளிய கிடக்கிறது மரம், ஆணி, தார். கணினிக்குள்ள இருக்கிறதுதான் படகு. உங்ககிட்ட மரம் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை."

மரியசெல்வம் எழுந்து வெளியே வந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் வள்ளத்தின் முன்முனையை, அணியத்தை, ஒருமுறை தட்டிப் பார்த்தார். காகம் பறந்து போனது. அதைத் தவிர மாற்றம் எதுவும் இல்லை.

அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். அதே வரிதான் வந்தது. மற்ற படகுக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் அதே வரி. மண்டபத்தில் படகே கிடையாது என்பது மெல்ல மெல்ல அலுவல்முறையாக உறுதியாகிக்கொண்டு வந்தது. இது பூமிநாதனை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. கூட்டம் அதிகமான ஒரு பகலில் எல்லாரையும் அமைதிப்படுத்தி அவர் ஒரு சிறு உரை நிகழ்த்தினார்.

"நம்ம மையத்தோட நோக்கம் ஆவணங்களைப் பாதுகாக்கிறது. பாதுகாத்தாச்சு. எடுத்துக் குடுக்கிறது நம்ம நோக்கத்திலயே வரலை. நாங்களே தேடினாக்கூடக் கிடைக்காத அளவுக்கு அது பத்திரமா இருக்குன்னா, அது உங்களுக்கும் பெருமைதானே?"

படகுக்காரர்கள் பெருமைப்படுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் நகரத் தொடங்கியது உமையாளின் விளையாட்டுத்தனத்தால்தான். சும்மா இருந்த ஒரு மதியத்தில், படகு எண்ணுக்குப் பதிலாக அலுவலரின் பெயரையே அடித்துத் தேடினாள். அவருடைய பணிப் பதிவேடும் அதே கணினிக்குள்தான் போயிருந்தது. அப்படி ஒன்றும் இல்லை என்று கணினி சொன்னது. பூமிநாதன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயரைத் தானே அடித்துப் பார்த்தார். முதலெழுத்துடன் அடித்தார். முதலெழுத்து இல்லாமல் அடித்தார். தகப்பனார் பெயரைக்கூட அடித்தார். எந்தப் பூமிநாதனும் இல்லை.

மரியசெல்வம் அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அலுவலர் மேல் பரிதாபம் வந்தது. "முதல்ல அப்படித்தான் இருக்குங்கய்யா, போகப் போகப் பழகிரும்" என்று சொல்லலாமா என்று நினைத்து, அடக்கிக்கொண்டார்.

ஓய்வூதியத்துக்குக் கொஞ்ச காலமே இருந்த மனிதர் இல்லாமல் போனதும் அலுவலகம் சுறுசுறுப்பானது. அன்று சாயங்காலமே இராமநாதபுரத்துக்குத் தகவல் போய், தொழில்நுட்ப ஆலோசகர் தனுஷ்கோடி வந்து இறங்கினார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது என்பதைத் தொழில் தர்மமாக வைத்திருந்த மனிதர் அவர்.

திரையைப் பார்த்த உடனே அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கோப்புகள் எதுவும் காணாமல் போகவில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த பட்டியல் ஒன்று உண்டு. தேடுகிற கட்டளை அந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். அந்தப் பட்டியல்தான் இல்லை. 'இல்லை' என்று இத்தனை நாளும் கணினி சொன்னது படகை அல்ல, பட்டியலை. 'அப்டேட்-டிபி' என்று ஒரு கட்டளை கொடுத்தால் புதுப் பட்டியல் உண்டாகிவிடும்.

கட்டளையைக் கொடுத்தார். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தது.

"அனுமதி மறுக்கப்பட்டது" என்று உமையாள் மொழிபெயர்த்தாள்.

பூமிநாதனின் முகம் சிவந்தது. யார் மறுத்தது என்று கேட்டார். கணினிதான் என்றார் தனுஷ்கோடி. எந்த நிலையில் உள்ள அலுவலர் மறுத்தார், எந்தத் தேதியிட்ட கடிதத்தில் என்று பூமிநாதன் மறுபடியும் கேட்டார். அவருடைய பணிக்காலம் முழுவதிலும் அனுமதி மறுத்தது எல்லாம் அவர்தான். அவருக்கு யாரும் மறுத்ததில்லை, அதுவும் அவருடைய மேசை மேலேயே உட்கார்ந்துகொண்டு.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுமதி கோரி எழுதினார். அங்கே அது மேசை மேசையாக ஏறி இறங்கி, 'மேற்படி மையத்தில் பட்டியல் தயாரிக்க இதன்மூலம் அனுமதி வழங்கப்படுகிறது' என்று முத்திரையோடு திரும்பி வந்தது. பூமிநாதன் அந்த உத்தரவைக் கணினிக்கு முன்னால் நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'பார்வை' என்ற பகுதியிலிருந்து 'நகல்' என்ற பகுதி வரைக்கும் ஒரு வரி விடவில்லை. வாசித்து முடித்ததும் உமையாளுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் கட்டளையை அடித்தாள்.

அனுமதி மறுக்கப்பட்டது.

"நகல் கணினிக்குன்னு போடலை, அதான்" என்றார் பூமிநாதன். திருத்திய உத்தரவு கேட்டு மறுபடி எழுதினார். அது வந்தது. அதையும் வாசித்தார்கள். கணினி மசியவில்லை.

தனுஷ்கோடியை மறுபடி வரவழைத்தார்கள். இதெல்லாம் 'ரூட்' கொடுக்க வேண்டிய அனுமதி என்றார் அவர். மரியசெல்வம் இராமேஸ்வரம் மதுரை பஸ் ரூட்டைத் தவிர வேறு ரூட்டை அறியாதவர். பஸ்காரர்கள் இதில் எப்படி வந்தார்கள் என்று யோசித்தார். பூமிநாதனும் அதையேதான் யோசித்தார் என்பது, போக்குவரத்துக் கழகத்துக்குத் தனியாக எழுத வேண்டுமா என்று அவர் கேட்டதிலிருந்து தெரிந்தது. அப்படி இல்லை, கணினிக்குள் எல்லா அதிகாரமும் உள்ள ஒரு பயனர் இருக்கிறார், அவருக்குப் பெயர்தான் ரூட், அவருடைய கடவுச்சொல் தெரிந்தால் போதும் என்று தனுஷ்கோடி சொன்னார். கணினியை நிறுவியபோது அதன் பொறுப்பில் இருந்தவர் கபீர். ஓய்வு பெற்றுத் தேவிபட்டினத்தில் இருந்தார்.

தொலைபேசியில் கபீர் சந்தோஷமாகப் பேசினார். எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்தார். கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்டதும், அது பத்திரமாக இருக்கிறது என்றார்.

"தாள்ல எழுதி வைக்கக் கூடாதுன்னுதானே ஆர்டரு. அதனால கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு ஃபைல்ல போட்டு வச்சிருக்கேன். எந்த இடம்னு ஞாபகம் இல்லை. இன்ஷா அல்லாஹ், லொகேட்டுன்னு அடிச்சுத் தேடுங்க, வந்துரும்."

பூமிநாதன் ரிசீவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

இதற்கிடையில் கணவாய் மீன் வலையில் படத் தொடங்கிவிட்டது. மற்ற ஊர்ப் படகுகள் கூடை கூடையாக இறக்கிக்கொண்டிருந்தன. மரியசெல்வத்தோடு கடலுக்குப் போகும் செபஸ்தியானும் இன்னொரு கூட்டாளியும் தினம் காலையில் வந்து வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். இன்னும் சில நாள் இப்படியே போனால் அவர்கள் கேரளாப் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று மரியசெல்வத்துக்குத் தெரியும். ஆள் கலைந்தால் மறுபடி சேர்ப்பது லேசு இல்லை. வலை கொட்டடியில் மக்கத் தொடங்கியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் மனைவி ஜோதிமேரி இத்தனை நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தானும் கூட வந்தாள். வந்தவள் யாரையும் திட்டவில்லை. அலுவலர் மேசைக்கு முன்னால் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இருக்குன்னு எழுதித் தர முடியலைன்னா, இல்லைன்னாவது எழுதிக் குடுங்கய்யா. இத்தன நாளு அலைஞ்ச மனுசன் ஒரு பேப்பரோடயாவது வீட்டுக்கு வரட்டும்."

பூமிநாதனுக்கு இது நியாயமாகப் பட்டது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அவருடைய கொள்கை. 'திரு. மரியசெல்வம் என்பாருக்குச் சொந்தமானதாகக் கூறப்படும் படகு எதுவும் இல்லை எனக் கணினி ஆய்வின் அடிப்படையில் சான்றளிக்கப்படுகிறது' என்று தட்டச்சு செய்யச் சொல்லி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். கொடுக்கும்போது கையைக்கூடக் குலுக்கினார்.

மரியசெல்வம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் பால்சாமியிடம் போனார். என்ன நினைத்துப் போனார் என்று அவருக்கே தெரியாது. கையில் முத்திரைத் தாள் இருந்தால் அதை யாரிடமாவது நீட்ட வேண்டும் என்று தோன்றுமே, அந்த மாதிரிதான். பால்சாமி தாளை இரண்டு முறை படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, இல்லாத படகுக்குத் தன்னால் டோக்கன் தர முடியாது என்றார்.

"அது தெரியுதுய்யா" என்றார் மரியசெல்வம்.

"இருங்க, நான் இன்னும் முடிக்கலை. இல்லாத படகுக்கு டோக்கன் தேவையும் இல்லை. டோக்கன் இல்லாம எந்தப் படகும் போகக் கூடாதுங்கிறது ஆர்டரு. இது படகே இல்லைன்னு ஆபீசரு எழுதியிருக்காரு. நான் எதைத் தடுக்கிறது?"

மறுநாள் விடியலில் வள்ளம் கடலில் இறங்கியது. வரிசை இல்லை, முத்திரை இல்லை, நேரக் கணக்கு இல்லை. கணவாய் நிறையப் பட்டது. அடுத்தடுத்த நாட்களிலும் போனார்கள். செபஸ்தியான் கேரளாப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு நாள் ரோந்துப் படகு குறுக்கே வந்து மறித்தது. அதிலிருந்த அதிகாரி டோக்கனைக் கேட்டார். மரியசெல்வம் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி படித்துவிட்டு வள்ளத்தைப் பார்த்தார். பிறகு முத்திரையைப் பார்த்தார். படகைப் பிடித்தால் பிடித்த படகின் எண்ணை எழுத வேண்டும்; எழுதினால் இல்லாத படகை எப்படிப் பிடித்தீர்கள் என்று மேலே கேட்பார்கள்; பதில் எழுத வேண்டும். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"போங்க" என்றார். "ஆனா ரொம்பக் கண்ணுல படாதீங்க."

அங்கே மையத்தில் பூமிநாதன் இன்னும் இல்லாமலேயே இருந்தார். அவருக்கு உறக்கம் போய்விட்டது. தனுஷ்கோடியை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டு, தட்டுத்தடுமாறி, கையெடுத்துக் கும்பிடாத குறையாக, வேறு வழியே கிடையாதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றார் தனுஷ்கோடி. ராத்திரியில் கணினி தன் பட்டியலைத் தானே போட்டுக்கொள்ளும். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். ராத்திரி அணைக்காமல் விட்டால் போதும்.

இந்த மையம் மின்சிக்கனத்துக்காகக் கேடயம் வாங்கிய மையம். சாயங்காலம் ஆனதும் பூமிநாதனே தன் கையால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கணினி வந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட அது கண் விழித்திருந்ததில்லை.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?" என்று பூமிநாதன் கேட்டார்.

"யாரும் கேக்கலையே சார்" என்றார் தனுஷ்கோடி.

ஆனால் கணினியை ராத்திரி விழிக்க வைப்பதும் லேசான காரியமா? அலுவலக நேரத்துக்குப் பின் அரசு உடைமை வேலை செய்தால் அது இரவுப் பணி. இரவுப் பணிக்குத் தனி உத்தரவு வேண்டும். உத்தரவு வாங்கினார்கள். குறித்த நாளில் மெயின் சுவிட்சு இறக்கப்படவில்லை. பூமிநாதன் கணினியைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் வாசல் வரை போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் மரியசெல்வம், கடலுக்குப் போகாத நாளாயிருந்ததால், என்னதான் ஆயிற்று என்று பார்க்க மையத்துக்குப் போனார். கணினி துணி போர்த்தி இருந்தது.

"இன்னைக்கு அதுக்கு லீவு அண்ணே" என்றாள் உமையாள். "நேத்து நைட் டூட்டி பாத்துச்சுல்ல. ஈடுசெய் விடுப்பு. சாரு எழுதி வச்சிருக்காரு."

மரியசெல்வம் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். இவ்வளவு தூரம் வந்த பிறகு இதில் ஆச்சரியப்பட அவருக்கு ஒன்றும் இல்லை. கணினிக்கும் உடம்புதானே என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

விடுப்பு முடிந்து கணினி பணிக்குத் திரும்பியதும், உமையாள் முதலில் அலுவலர் பெயரை அடித்தாள். பூமிநாதன் இருந்தார். ஒரு கோப்பாக இல்லை, ஏழெட்டுக் கோப்புகளாக, வரிவரியாக இருந்தார். கண் கலங்கி, கடைக்கு ஆள் அனுப்பி எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். பிறகுதான் படகு எண்களை அடித்தார்கள். மண்டபத்தின் படகுகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மரியசெல்வத்தின் வள்ளமும் வந்தது.

ஆள் விட்டு அவரைக் கூப்பிட்டார்கள். கணினிச் சான்றைப் பூமிநாதன் இரண்டு கையாலும் நீட்டினார். மரியசெல்வம் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அப்போது அலுவலர் இன்னொரு தாளையும் எடுத்தார். ரோந்து அதிகாரி மரியசெல்வத்தின் பெயரைக் குறித்து அனுப்பிய அறிக்கை அது. அவரும் கடமை தவறாதவர். 'குறித்த நாளில் குறித்த இடத்தில் சோதனை செய்ததில் படகு எதுவும் இல்லை. இல்லாத அப்படகில் மூவர் இருந்தனர்' என்று எழுதியிருந்தார்.

"டோக்கன் இல்லாமக் கடலுக்குப் போயிருக்கீங்க" என்றார் பூமிநாதன். குரல் மாறியிருந்தது. "படகு இருக்குன்னு இப்ப நிரூபணம் ஆயிருச்சு. நடவடிக்கை எடுக்கணும். மூணு மாசம் படகைக் கட்டிப் போடணும்."

மூன்று மாதம் என்றால் கணவாய்க் காலம் முழுக்கப் போய்விடும். யோசித்துச் சொன்னதா வாயில் வந்ததா என்று தெரியாமல், மரியசெல்வம் மெதுவாகச் சொன்னார்.

"போனது இந்த வள்ளம் இல்லைங்கய்யா. நீங்க இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கள்ல, அந்த வள்ளம்."

பூமிநாதன் பேனாவைக் கீழே வைத்தார். சன்னலைப் பார்த்தார், நெடுநாளைக்குப் பிறகு அவர் சன்னலைப் பார்த்தது அப்போதுதான். நடவடிக்கை எடுத்தால் தன் சான்று தவறு என்று எழுத வேண்டும். தவறான சான்று கொடுத்தவர் யார் என்று கேள்வி வரும். இப்போதுதான் மனிதர் கணினிக்குள் திரும்பி வந்திருக்கிறார்.

"உமையாள்" என்றார். "'இல்லாத படகு'ன்னு போட்டுத் தேடு."

அவள் அடித்தாள். திரை எந்தப் பிழையும் காட்டவில்லை, எந்த வரியும் துப்பவில்லை. வெறுமனே அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது.

"ஒண்ணும் வரலை சார்."

"வராது. அது இல்லாத படகு. எப்படி வரும்?" பூமிநாதன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகம் தெளிந்துவிட்டது. "பாத்தீங்களா மரியசெல்வம், இப்பத்தான் மிசின் சரியா வேலை செய்யுது. இல்லாத படகு மேல நடவடிக்கை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. நீங்க போகலாம்." பிறகு ஞாபகம் வந்தவராக, அந்தப் பழைய சான்றை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுமாறு கேட்டார்.

அது கடலில் நனைந்து கிழிந்து போய்விட்டது என்றார் மரியசெல்வம். பூமிநாதன் வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்த முகத்தில் அவ்வளவு நிம்மதியை மரியசெல்வம் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் இருக்கிற வள்ளத்துக்கு டோக்கன் வாங்க மரியசெல்வம் போனார். வரிசை பனைமரம் வரை நீண்டிருந்தது. ஜோதிமேரி கஞ்சித் தூக்கோடு வந்து பக்கத்தில் நின்றாள். பால்சாமியின் அறை முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. இரண்டு பேர் ஒரு புதுக் கணினியைப் பிள்ளையைத் தூக்குவது போல இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மாலை போட்டிருந்தது. பால்சாமி குங்குமக் கிண்ணத்தோடு வாசலில் நின்று, இனிமேல் யாரும் வரிசையில் நிற்க வேண்டியதே இருக்காது என்று கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரியசெல்வம் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் குனிந்தார்.

"மேரி, அந்தப் பழைய பேப்பரு பத்திரமா இருக்குல்ல?"

"பைபிளுக்குள்ள வச்சிருக்கேன்" என்றாள் ஜோதிமேரி.

மரியசெல்வம் வரிசையை விட்டு விலகி, செபஸ்தியானைக் கூப்பிட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து நடந்தார்.